'தத்ரூபமாகப் படம்பிடித்துக் காட்டுகிறார்'

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கவிதை பற்றி நாற்பது பேர் எழுதினாலும் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல் இருக்கிறது. 'கவிஞர் தத்ரூபமாகப் படம்பிடித்துக் காட்டுகிறார்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லாததால் சிவப்புப் பேனாவால் கோடிடவும் கை வரவில்லை. என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தயங்காமல் கோடிடுங்கள். அந்த வாக்கியத்தை எந்தக் கவிதைக்கும் ஒட்டலாம். கவிதையைப் படிக்காமலே எழுதலாம். ரியூசன் குறிப்புகளில் அது அச்சாகியே வருகிறது. பிள்ளைகளை நொந்து பயனில்லை.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்வோம். நான்கே அடிகள்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

'கவிஞர் தன் காதலியின்மீது கொண்ட அன்பைக் கூறுகிறார்' என்று ஒரு விடைத்தாளில் படித்தேன். பாடியவர் தேவகுலத்தார், பேசுகிறவள் தலைவி. பாடியவர் வேறு, பேசுகிறவர் வேறு என்பதைச் சொல்லத்தான் 'தலைவி கூற்று' என்ற சொல்லை நம் மரபு வைத்திருக்கிறது. அதைப் பாடலோடு வரும் துறைக் குறிப்பிலேயே விட்டுவிட்டுக் கட்டுரையில் 'கவிஞர் கூறுகிறார்' என்று எழுதும்போது, ஒரு பெண்ணின் குரலே அழிந்துபோகிறது. எனக்கு மிகவும் வேதனை தரும் பிழை இது.

அடுத்தது 'நிலம் போலப் பெரியது, உவமை அணி' என்று எழுதுவது. பாட்டில் 'போல' எங்கே இருக்கிறது? நிலத்தினும் என்றால் நிலத்தைவிட. அகலத்துக்கு நிலம், உயரத்துக்கு வான், ஆழத்துக்கு நீர் என்று அவள் அளந்து பார்க்கிறாள், மூன்றும் போதவில்லை. 'போல' என்று எழுதியவுடன் அந்தப் போதாமை மறைந்துவிடுகிறது. சிலர் 'உயர்ந்தன்று' என்பதை 'உயர்ந்தது அல்ல' என்றே விளக்குகிறார்கள். 'அன்று' என்ற ஒலி ஏமாற்றிவிடுகிறது. உயர்ந்தது என்பதே பொருள்.

'காதலின் பெருமை' என்று எழுதுவதையும் கவனியுங்கள். அவள் சொன்ன சொல் நட்பு. ஏன் அந்தச் சொல் என்று ஒரு பந்தி எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் சண்டையே வரும்; வரட்டும்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. 'மகாகவி' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். மாணவர் பாரதியை (1882–1921) நினைத்து எழுதியிருப்பார். படிப்பவர் 'மஹாகவி' என்ற பெயரில் எழுதிய ஈழத்துக் கவிஞர் அளவெட்டி து. உருத்திரமூர்த்தியை (1927–1971) நினைத்துக்கொள்வார்.

கொட்டாஞ்சேனை மாணவி ஒருத்தியின் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்திருந்தபோது பெற்றோருடன் போய்ப் பார்த்தவள். நெலுவும் குறிஞ்சி இனம்தான். அவள் எழுதியது: 'இந்தப் பூ பல வருடம் காத்திருந்து பூக்கும். அதில் தேன் இழைக்கும் நாட்டை தலைவி சொல்வதால் அவளும் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.'

'நாட்டை' என்பதற்குப் பின் ஒற்று விடுபட்டிருந்தது. அதைப் பிறகு திருத்தினேன். முதலில் பக்க ஓரத்தில், 'இதை நான் இதுவரை கவனித்ததில்லை' என்று எழுதினேன்.

அன்புடன்