குளக்கட்டில் ஒரு பூங்கா – கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் வவுனியா வடக்கில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். நெடுங்கேணிப் பக்கம் ஒரு சிறிய குளத்தின் கட்டையும் அதைச் சுற்றியுள்ள பழைய மரங்களையும் சேர்த்துப் பொதுப் பூங்கா ஆக்கும் திட்டம் என்னிடம் தரப்பட்டிருக்கிறது. அங்குள்ள மருதும் பாலையும் பூட்டன் காலத்தவை என்று ஊரவர்கள் சொல்கிறார்கள். பற்றைகளைத் துப்பரவாக்கி, நடைபாதைக்கு இன்டர்லொக் கல் பதித்து, சுற்றிவரக் கம்பி வேலி போடுவதாக மதிப்பீடு. மக்களின் பங்களிப்போடு செய்யவேண்டும் என்பது நிதி தருபவர்களின் நிபந்தனை. மாசி மாதத்தில் காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தோம். பதினொரு பேர்தான் வந்தார்கள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது பூங்காப் பராமரிப்புக் குழு ஒன்றைப் புதிதாக அமைக்க நினைக்கிறோம். கொழும்பில் நடந்த பயிற்சியில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உதாரணமாகக் காட்டினார்கள். அதுபோல எங்கள் மக்களையும் எப்படி ஈடுபட வைப்பது? என்ன மரங்கள் நடலாம்? வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த இடம் என்று பலகை வைக்கலாமா?

– ஒரு வாசகி, வவுனியா

அன்புள்ள பிள்ளைக்கு,

கொஞ்சக் காலமாகவே குளக்கட்டுகளில் நடக்கும் இந்த அலங்கார வேலைகளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். வர்ணம் பூசிய பழைய ரயர், சீமெந்தில் மான், 'ஐ லவ்' என்று தொடங்கும் ஒரு பெயர்ப்பலகை. இவற்றைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்திருந்த நேரத்தில் உமது கடிதம் வந்து சேர்ந்தது. ஆகவே கொஞ்சம் காட்டமாக எழுதினால் அது முழுக்க உமக்கானது அல்ல என்று எடுத்துக்கொள்ளும்.

இது மட்டும் உமக்கானது. மாசியில், காலை பத்து மணிக்கு, வன்னியில் எந்தக் கமக்காரன் வீட்டில் இருப்பான்? காலபோக அறுவடை நேரம். வெட்டும் மெஷின் எப்போது தன் வயலுக்கு வரும் என்று ஒருவன் வரம்பில் காத்திருப்பான். இன்னொருவன் நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டு மாட்டுக்கும் மழை மேகத்துக்கும் காவல் நிற்பான். அந்த நேரத்தில் பதினொரு பேர் வந்ததே பெரிய காரியம். அவர்கள் யார், ஏன் வந்தார்கள், தேநீரைக் குடித்துக்கொண்டு தங்களுக்குள் என்ன பேசினார்கள் என்று கேட்டீரா? கடிதத்தில் அது இல்லை. எத்தனை பேர் என்பது மட்டும் இருக்கிறது.

சென்ட்ரல் பார்க்கை விடும். 1850களில் அதற்கு நிலம் எடுத்தபோது அங்கே குடியிருந்த சுமார் 1,600 பேரைக் கிளப்பினார்கள். செனெக்கா வில்லேஜ் என்று கறுப்பின மக்கள் சொந்தக் காணியும் தேவாலயமும் பள்ளிக்கூடமுமாக வாழ்ந்த ஊரும் அதற்குள் அகப்பட்டு 1857இல் இல்லாமல் போயிற்று. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, நகர நிர்வாகத்திடம் காசில்லாமல் பூங்கா சீரழிந்து கிடந்தபோது, 1980இல் குடிமக்கள் அமைப்பொன்று உருவாகி அதைத் திருத்தியது. பயிற்சியில் இந்தப் பின்பாதியைத்தான் காட்டியிருப்பார்கள். முன்பாதி எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கிளிநொச்சி நகரில் பூங்காவாக இருந்த நிலத்தில் இன்று என்ன நிற்கிறது? எறிகணை துளைத்த சுவரும் அதன்மேல் தாமரையுமாக இராணுவத்தின் போர் வெற்றிச் சின்னம். பூங்கா என்று சொல்லி ஒரு உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்து நின்றால் ஊர்க்கிழவன் முதலில் வேலி எங்கே வரும் என்றுதான் பார்ப்பான். உமது மதிப்பீட்டிலும் வேலி இருக்கிறது.

பங்களிப்பு, பங்களிப்பு என்கிறீர். உமது திட்டத்துக்கு அவர்கள் பங்களிக்க வேண்டும் என்று நினைக்கிறீர். பிள்ளை, அந்தக் குளமே அவர்களின் பங்களிப்பால்தான் இன்றைக்கும் குளமாக இருக்கிறது. சின்னக் குளங்களில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. வயலின் அளவுக்கு ஏற்ப, கட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. மழைக்கு முன் அவரவர் துண்டை அவரவர் மண் வைத்து இறுக்கவேண்டும். எங்கள் ஊரில் பெரியப்பாவுக்குத் துருசிலிருந்து, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகிலிருந்து, ஐயனார் கோயில் வரை. புரட்டாதி பிறந்தால் ஆள் காலையில் வீட்டில் இருக்கமாட்டார். மண்வெட்டியும் கடகமும் ஒரு நீளத் தடியுமாகக் கட்டுக்குப் போவார். தடி எதற்கு என்றால் உடும்புப் பொந்து பார்க்க. தடியைக் கட்டின் சரிவில் குத்திக்குத்திக்கொண்டே நடப்பார். ஓரிடத்தில் அது சும்மா உள்ளே இறங்கினால் அப்படியே குந்திவிடுவார். பொந்தைக் கிண்டித் திறந்து, ஈரக் களியை உருட்டி உள்ளே தள்ளி, மேலே மண் போட்டுக் குதிக்காலால் மிதிப்பார். மிதித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் மிதிப்பார். பக்கத்துத் துண்டுக்காரரோடு அவருக்குக் கோயில் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அவருடைய துண்டில் பொந்து கண்டால் வீட்டுப் படலையில் நின்று, "டேய், உன்ரை பக்கம் உடும்பு விழுந்திட்டுது" என்று கத்திவிட்டுத்தான் வருவார். அது ஒன்றுதான் அவர்களுக்கிடையில் இருந்த பேச்சு.

இது பழங்கதை பேசும் ஆசையில் சொல்வதல்ல. 1832இல் ஆங்கிலேயர் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியம் போனது நல்லதுதான், நான் அதற்காக அழவில்லை. ஆனால் கட்டைத் திருத்தும் கடமையையும் ஒருவரிடமும் கேட்கமுடியாமல் போயிற்று. நாட்டில் பல குளங்கள் உடைந்து கிடந்தன. கடைசியில் 1856இல் ஹென்றி வார்ட் என்ற ஆளுநர் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து, ஊரவர்களின் பழைய வழக்கங்களையே சட்டத்துக்குள் எடுக்கவேண்டி வந்தது. அதே வார்ட்தான் கொழும்பில் காலிமுகத்திடலில் நடைபாதை போட்டவர். 1859இல் அது முடிந்தபோது, கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்குமாக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் எழுதிவைத்தார். பாரும், ஒரே ஆள். திடலை ஆளுநர்களிடம் கொடுத்தார், குளத்தைக் கமக்காரரிடம் கொடுத்தார். குளத்தில் ஊரவனுக்குத் தண்ணீர் உரிமை இருந்தது. அதனால்தான் கடமையும் கேட்கமுடிந்தது. வெறுங்கையோடு வந்து காற்று வாங்கிவிட்டுப் போகிற இடத்தில் யாரிடம் போய்க் கடமை கேட்பது?

இப்போது உமது புதிய குழுவுக்கு வருவோம். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் குளம் என்றால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி கமக்காரர் அமைப்பு ஒன்றும் அங்கே பதிவாகியிருக்கும். அதற்குத் தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், கணக்குப் புத்தகம் இருக்கிறது, கொஞ்சம் சண்டையும் இருக்கும். உமது கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களைத் தாண்டிப் புதுக் குழு ஒன்றை அமைத்தால் நிதி முடிகிற மாதம் குழுவும் முடிந்துவிடும். 2010 வாக்கில் மீள்குடியேறி வந்த எங்கள் ஊர்ச்சனம் தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டு, வீட்டு வளவைத் துப்பரவாக்க முதலே துருசடியில் பற்றை வெட்டியது. வரவுப் புத்தகம் ஒன்றும் அங்கே இருக்கவில்லை.

பற்றை என்றதும்தான் முக்கியமானது ஞாபகம் வருகிறது. பற்றைகளைத் துப்பரவாக்குவதாக எழுதியிருக்கிறீர். எந்தப் பற்றை? துருசடியிலும் கட்டின் மேலும் இருப்பதை வெட்டத்தான் வேண்டும், பெரிய மரமும் அங்கே நிற்கக்கூடாது. வேர் உக்கினால் அந்த வழியாகவே தண்ணீர் கசியும். ஆனால் தண்ணீர் வந்து சேரும் மேல்பக்கத்தில் நிற்கும் மரக்கூட்டம் வேறு. அது காற்றை மறித்து, அலை கட்டை அரிக்காமலும் தண்ணீர் வெயிலில் அதிகம் ஆவியாகாமலும் பார்க்கும். கட்டுக்குப் பின்னால், வயலுக்கு முன்னால் ஒரு சதுப்புப் பற்றை இருக்கும். கசிந்துவரும் தண்ணீரின் உப்பை அதுதான் பிடித்துவைக்கிறது. அதை பெக்கோ இயந்திரத்தால் வழித்துவிட்டுப் புல் பதித்தால், கட்டடி வயல்காரனின் மண்ணில் உப்பு ஏறும். அப்புறம் உமது பூங்காவை அவன் என்ன சொல்லித் திட்டுவான் என்று இங்கே எழுதமுடியாது. ஒரு குளத்தின் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி அமைந்த, வறண்ட வலயத்தின் இந்தத் தொடர்குள முறையை ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. அந்த மரபுக்குள் உமது பற்றையும் அடக்கம். மதிப்பீட்டில் அந்த வரியை அடித்துவிடும். இன்டர்லொக் கல்லையும் அடியும், மருதின் வேரை மூச்சடைக்கவைக்க வேண்டாம். வேலியை இரண்டு தரம் அடியும்.

வேலி போட்டால் வைகாசி ஆனியில் பாலைப்பழத்துக்கு எப்படிப் போவது? எங்கள் சின்னவயதில் அந்த நாட்களில் உதடு ஒட்டிக்கொண்டு, பேச வாய் திறக்க வராது. பால் காய்ந்து தோலோடு பிடித்துவிடும், தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்கவேண்டும். மிஞ்சிய பழத்தில் பெரியம்மா பாணி காய்ச்சுவா. பெரியப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம்: "உலுப்பு, கொப்பை வெட்டாதை." இப்போது லொறியில் வந்து கொப்போடு வெட்டிக்கொண்டு போகிறார்கள். அதைத் தடுக்க உமது கம்பி வேலியால் முடியாது, இரவில் அதையும் வெட்டுவான். ஊர்ப்பிள்ளைகள் பழம் தின்னும் மரத்தில் கத்தி வைக்க வெளியாள் யோசிப்பான்.

பலகை விஷயம். தொல்லியல் இடம் என்று அரசு உரிமை கோரும், ஆதிசிவன் கோயில் உள்ள வெடுக்குநாறி மலை உமது பிரதேசத்தில்தான் இருக்கிறது. 2024 சிவராத்திரி இரவில் அங்கே கும்பிடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு வரலாற்று முக்கியத்துவம் என்று நீர் பலகை நட்டால் சனம் சந்தோஷப்படுமா, யார் வரப்போகிறார்களோ என்று பயப்படுமா? பலகை வேண்டாம். குளத்தின் கதை தெரிந்த நாலு கிழவிகள் இருப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பும்.

மரங்கள் கேட்டிருந்தீர். குளத்தடியில் மருது, மேட்டில் பாலை, வீரை, நாவல். பாலை மிக மெதுவாக வளரும், நிதியாண்டு முடியமுன் படம் எடுத்து அனுப்ப ஏலாது. அதை நிதி தருபவர்களுக்கு இப்போதே சொல்லிவையும்.

அடுத்த கூட்டத்தைச் சித்திரை வருடப்பிறப்பு கழிய வையும். பின்னேரம் நாலு மணிக்கு, கட்டிலேயே. அழைப்பு கமக்காரர் அமைப்பின் பெயரில் போகட்டும், உமது பெயர் கீழே சின்னதாக இருந்தால் போதும். முதல் கேள்வியாக, இந்தக் கட்டில் யாருக்கு எந்தத் துண்டு இருந்தது என்று கேளும். நிச்சயம் சண்டை வரும். சமாதானப்படுத்தப் போகாதேயும், எழுதிக்கொள்ளும்.