பனியாற்றின் மேல் ஓடும் நீர்

கேள்வி: பனியாறுகளின் மேற்பரப்பில் காணும் ஓடைகள், வெயிலில் உருகிய நீர் சரிவு கண்ட பக்கம் வழிவதுதானே? கோடை முடிந்ததும் உறைந்து மறையும் இவற்றை ஆராய இத்தனை செயற்கைக்கோள்களும் முகாம்களும் எதற்கு?

பதில்: அந்த நீர் வழிவதோடு நின்றுவிட்டால் உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் அது நிற்பதில்லை.

முதலில், உருகியவுடன் ஓடை பிறப்பதில்லை. கோடையின் தொடக்கத்தில் உருகும் நீர், மேலே கிடக்கும் பழைய வெண்பனிக்குள் இறங்கி மீண்டும் உறைந்துவிடுகிறது. அந்த வெண்பனி முழுவதும் நனைந்து சேறுபோல் ஆகி, அடியிலுள்ள கெட்டிப் பனி வெளிப்பட்ட பிறகே நீர் தடம் பிடித்து ஓடத் தொடங்குகிறது.

நிலத்து ஆறு மணலையும் கல்லையும் உருட்டித் தரையை அரிக்கிறது. பனிமேல் ஓடும் ஆறு வெப்பத்தால் அரிக்கிறது. ஆயிரம் லிட்டர் நீர் 100 மீட்டர் கீழிறங்கும்போது உராய்வால் பிறக்கும் வெப்பம் சுமார் மூன்று கிலோ பனியைத்தான் உருக்கும். அற்பமாகத் தோன்றும் இந்தக் கணக்கை, நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஓடும் ஓடைக்குப் போட்டுப் பாருங்கள்: அதே இறக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 டன் பனி கரைந்துவிடும். நீர் உறிஞ்சும் சூரிய ஒளியின் பங்கு இதில் சேரவில்லை. ஆயினும் சுற்றியுள்ள பனிப்பரப்பும் அதே வெயிலில் உருகித் தாழ்ந்துகொண்டே இருப்பதால், அந்த வேகத்தை விஞ்சித் தன் அடித்தளத்தை ஆழப்படுத்தும் ஓடை மட்டுமே நிலைக்கிறது. சிற்றோடைகள் பல இந்தப் போட்டியில் தோற்றுத் தடமின்றிப் போகின்றன. நிலைத்தவை பெரும்பாலும் வளைந்தே ஓடுகின்றன. உட்கரையில் ஒதுங்க மணல் இல்லாவிட்டாலும், வெளிக்கரையில் மோதும் விரைவான நீர் அப்பக்கத்துப் பனியைக் கூடுதலாக உருக்கி வளைவை வளர்க்கிறது.

மறைந்துபோகும் என்பதும் பாதி உண்மையே. ஆழமாக வெட்டப்பட்ட தடங்கள் குளிர்காலப் பனிப்பொழிவின் அடியில் அப்படியே கிடக்க, அடுத்த கோடையில் நீர் அவற்றையே தேடி வருகிறது. சில இடங்களில் மிக ஆழமான தடத்தின் வாயைப் பனி மூடிவிட, ஓடை பனிக்குள் செல்லும் சுரங்கமாகிவிடுகிறது. வடதுருவத்தை ஒட்டிய நார்வேத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலும் எவரெஸ்ட் அருகிலுள்ள பனியாறுகளிலும் ஆய்வாளர்கள் அவற்றுக்குள் இறங்கியே பார்த்திருக்கிறார்கள்.

ஆய்வாளர்களின் அக்கறைக்கு முதன்மைக் காரணம், நீர் போய்ச் சேரும் இடம். 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் தென்மேற்கில் செயற்கைக்கோள் படங்களால் வரையப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓடை அமைப்புகள், பனியின் விளிம்பை எட்டாமல், மூலின் எனப்படும் செங்குத்துத் துளைகளில் விழுந்து முடிந்தன. அதே தீவில் 2006 ஜூலையில், பனிமேல் தேங்கியிருந்த ஏரியொன்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள பனியைப் பிளந்துகொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் வடிந்தது. அடித்தரையை எட்டும் நீர் பனியைச் சற்றே தூக்கி அதன் நகர்வை விரைவுபடுத்துகிறது. பின்னர் அடியிலேயே வடிகால்கள் அகன்றுவிட, வேகம் தணிகிறது. ஆகவே ‘உருகினால் பனி வழுக்கிக் கடலில் விழுந்துவிடும்’ என்று செய்திகளில் வரும் ஒற்றை வரியையும் நம்பிவிட வேண்டாம். மூலின்களும் நிலையானவையல்ல: நகரும் பனி அவற்றையும் சுமந்து செல்கையில், ஓடை வரும் மேட்டுப் பக்கத்தில் புதிய வெடிப்பொன்று திறந்து ஓடையை இடைமறிக்க, பழைய துளை வறண்டுபோகிறது.

நீங்கள் நினைத்தபடி வழிந்து கடலில் கலக்கும் ஆறும் உண்டு. அண்டார்க்டிகாவின் நான்சென் பனித்தட்டில் (நிலத்தோடு ஒட்டியபடி கடலில் மிதக்கும் பெரும் பனிப்பாளம்) ஓடும் நீர் அருவியாகக் கடலில் விழுவதால், பனித்தட்டின் மேல் தேங்கும் நீரின் அளவு குறைகிறது. அதே கண்டத்தின் லார்சன் பி பனித்தட்டில் நீர் அவ்வாறு வடியாமல் ஆயிரக்கணக்கான குட்டைகளாகத் தேங்கியது. 2002-இல் அந்தப் பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியதற்கு, அந்த நீர் வெடிப்புகளுக்குள் இறங்கி அவற்றைப் பிளந்ததே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.