உலக வரலாற்று வினாடி வினா: கேள்விகளும் பதில்களும்

பள்ளிகளுக்கிடையேயான உலக வரலாற்று வினாடி வினாவுக்குத் தயாராகும் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் என்னால் பொறுப்புடன் விடை சொல்லக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சென்னைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்தும் போட்டிகளுக்கு வினாத்தாள் தயாரித்தும் வந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன், பெரம்பூர்): அம்மா, உலகிலேயே மிகக் குறுகிய காலம் நடந்த போர் எது?

1896 ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கும் நடந்த போர். சுல்தான் ஹமாத் இறந்தவுடன் காலித் பின் பர்காஷ் அரண்மனையைக் கைப்பற்றி அரியணை ஏறினார். காலை ஒன்பது மணிக்குள் வெளியேற வேண்டும் என்று பிரிட்டன் கெடு விதித்தது. கெடு முடிந்ததும் கப்பல்களிலிருந்து அரண்மனையைச் சுட்டார்கள். 38 நிமிடம் என்றும் 45 நிமிடம் என்றும் நூல்களில் இருவிதமாக வருவதால், நிமிடக் கணக்கைக் கேட்காமல் போரின் பெயரைக் கேட்பதே நல்ல வினா.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, அண்ணா நகர்): உலகின் முதல் பெண் பிரதமர் யார்? முதல் பெண் அதிபர் யார்? இணையத்தில் வெவ்வேறு பெயர்கள் வருகின்றன.

பிரதமரைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை: 1960 ஜூலை 21 அன்று பதவியேற்ற இலங்கையின் சிரிமாவோ பண்டாரநாயக்கா. குழப்பம் அதிபர் என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதிபர் என்ற பதவிப்பெயருடன் முதலில் ஆட்சிக்கு வந்த பெண் அர்ஜென்டினாவின் இசபெல் பெரோன். துணை அதிபராக இருந்த அவர், கணவர் இறந்ததும் 1974இல் அப்பொறுப்புக்கு வந்தார். மக்கள் வாக்களித்து நேரடியாக அதிபராகத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஐஸ்லாந்தின் விக்டிஸ் பின்போகடோட்டிர், 1980. ஆக, கேள்வியில் "தேர்ந்தெடுக்கப்பட்ட" என்ற ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் விடையையே மாற்றிவிடும். "முதல்" என்று தொடங்கும் எந்தக் கேள்வியையும் கடைசிச் சொல் வரை கேட்காமல் பஸ்ஸரை அழுத்தாதீர்கள். இதை நான் மறுபடியும் சொல்வேன்.

கேள்வி (ஒரு தந்தை, தாம்பரம்): என் மகளுடைய போட்டியின் எழுத்துச் சுற்றில் "ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த நாள் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அக்டோபர் 25, 1917 என்று எழுதினாள். விடைக்குறிப்பில் நவம்பர் 7 என்று இருந்ததால் மதிப்பெண் தரவில்லை. ஒரு மதிப்பெண்ணில் இறுதிச் சுற்றை இழந்தாள். அவள் எழுதியது தவறா?

தவறில்லை ஐயா. இரண்டும் ஒரே நாள். மகளிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு காரணத்தையும் அவளுக்கு விளக்குங்கள், ஏனெனில் இது அவளுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்படும்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, அதன் கீழே தமிழ் மாதமும் தேதியும், ஓரத்தில் ஹிஜ்ரி தேதி. மூன்று எண்களும் வேறு, நாள் ஒன்றுதான். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் இப்படி இரண்டு நாட்காட்டிகள் அருகருகே வழங்கின. அவற்றில் பழையதான ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டின் நீளம் உண்மையான ஆண்டைவிடச் சுமார் பதினொரு நிமிடம் அதிகம். அந்தப் பிழை நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து பருவங்கள் தேதியிலிருந்து விலகிப்போனதால், 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அதைத் திருத்தினார். அந்த ஆண்டில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. கத்தோலிக்க நாடுகள் உடனேயோ சில ஆண்டுகளிலோ ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 2க்கு மறுநாளை செப்டம்பர் 14 என்று அறிவித்தது. ரஷ்யா இன்னும் தாமதம்: 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அதற்குள் இரு நாட்காட்டிகளுக்கும் இடையே பதின்மூன்று நாள் இடைவெளி விழுந்திருந்தது. ஆகவே அன்றைய ரஷ்யத் தலைநகரான பெட்ரோகிராடில் அக்டோபர் 25 என்று எழுதிய அதே நாளில் பாரிஸில் நவம்பர் 7 என்று எழுதினார்கள். அதே ஆண்டின் பிப்ரவரிப் புரட்சியும் அப்படித்தான். பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் தெருவில் இறங்கிய பிப்ரவரி 23, புதிய கணக்கில் மார்ச் 8. நாம் இன்று மகளிர் தினம் கொண்டாடும் தேதி.

விடைக்குறிப்பை எழுதியவர் இரண்டு தேதிகளையும் குறித்திருக்க வேண்டும். மகள் அடுத்த முறை "பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 25, புதிய நாட்காட்டிப்படி நவம்பர் 7" என்று எழுதினால் எந்த நடுவரும் மறுக்க முடியாது.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மயிலாப்பூர்): மேலே தாங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று உலகம் முழுவதும் ஒரே நாட்காட்டிதான். எனவே எல்லாப் பழைய தேதிகளையும் அதற்கு மாற்றி, ஒரே விடையை மட்டும் ஏற்பதுதான் முறை. இல்லாவிட்டால் போட்டி எப்படி நடத்துவது?

ஐயா, தங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. போட்டிக்கு ஒரு விடை வேண்டும் என்பதும் சரி. ஆனால் எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கினால் மாணவர்கள் படிக்கும் எந்த நூலோடும் நம் வினாத்தாள் ஒத்துப்போகாது. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட நாளை எல்லா நூல்களும் 1649 ஜனவரி 30 என்றே எழுதுகின்றன. அது ஜூலியன் தேதி. புதிய கணக்கில் பிப்ரவரி 9. அதோடு, அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது என்பதால், அக்காலத்து ஆவணங்கள் அதே நாளை 1648 என்று குறிக்கின்றன. அதாவது ஆண்டை மட்டும் இன்றைய வழக்குக்கு மாற்றிவிட்டு, தேதியைப் பழையபடியே விட்டுவிட்டார்கள் வரலாற்றாசிரியர்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்கோ இரண்டையும் மாற்றினார்கள்: அவர் பிறந்தபோது எழுதிய தேதி 1731 பிப்ரவரி 11, இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. ஒரே விதி எங்கும் இல்லை. எந்த நாட்காட்டி என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவது ஒன்றே நியாயமான வழி.

இது தொலைதூரச் சங்கதியும் அல்ல. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் லா பூர்தொனே தலைமையில் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியிலும், வெளியே பீரங்கியோடு நின்ற பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டியிலும் இருந்தார்கள். ஒரே முற்றுகைக்கு இரு தரப்பு ஆவணங்களிலும் பதினொரு நாள் இடைவெளி. அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் ஐரோப்பியத் தேதியையும் அட்சய ஆண்டு என்பது போன்ற தமிழ்க் கணக்கையும் சேர்த்தே எழுதிவைத்தார். நாட்காட்டியைச் சொல்லாமல் தேதியை மட்டும் எழுதுவது போதாது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. நமது வினாத்தாள்களும் அவரைப் பின்பற்றட்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவன், வேளச்சேரி): அப்படியானால் ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது?

மிக நல்ல கேள்வி, தம்பி. இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்றே சொல்கிறார்கள். ஆனால் எழுத்தாளர் செர்வான்டிசின் நாடான ஸ்பெயின் புதிய நாட்காட்டியில் இருந்தது, இங்கிலாந்து பழையதில் இருந்தது. எனவே ஷேக்ஸ்பியர் இறந்தது பத்து நாள் கழித்து. மேலும், ஏப்ரல் 23 செர்வான்டிசை அடக்கம் செய்த நாள் என்றும், இறந்தது முந்தைய நாள் என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். "ஒரே தேதி" என்று வினாவில் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்; "ஒரே நாள்" என்று இருந்தால் எழுந்து நின்று மறுப்புத் தெரிவியுங்கள்.

கேள்வி (ஒரு தாய், குரோம்பேட்டை): ஒரு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு விவாதம் தேவையா அம்மா?

தேவை. தாம்பரத்துச் சிறுமி சரியாக எழுதியும் மதிப்பெண் பெறவில்லை. படித்தது சரிதான் என்று அவளுக்கு யாராவது ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவன், அம்பத்தூர்): மிகச் சிறிய போர் எது?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (வரலாற்று ஆசிரியை, திருவொற்றியூர்): சென்னையோடு தொடர்புடைய உலக வரலாற்றுக் கேள்விகள் சிலவற்றைச் சொன்னால், மாணவர்களை நேரில் அழைத்துச்சென்று காட்டுவேன்.

இதைத்தான் எல்லா ஆசிரியர்களும் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். கோட்டையிலிருந்து தொடங்குங்கள். 1746இல் பறிபோன சென்னை ஆங்கிலேயருக்கு எப்படித் திரும்பியது என்று கேளுங்கள். போரிட்டு மீட்கவில்லை, 1748ஆம் ஆண்டு எக்ஸ்-லா-ஷப்பெல் உடன்படிக்கையில், இன்றைய கனடாவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டுச் சென்னையைப் பெற்றார்கள். அட்லான்டிக் கரையின் ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு நம் ஊர் ஈடானது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கோட்டைக்குள் 1680இல் எழுந்த புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். பின்னாளில் அவர் அனுப்பிய நூல்களும் துணிமணிகளும்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கக் காரணம். அவர் காலத்தில் இக்கடற்கரையில் அடிமை வணிகம் நடந்ததையும் மாணவர்களிடம் மறைக்காதீர்கள்.

பிறகு உயர் நீதிமன்ற வளாகத்துக்கு நடந்து செல்லுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் பான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்ததற்கான நினைவுக் கல் அங்கே இருக்கிறது. ஒருமுறை ஒரு மாணவி அந்தக் கல்லின் எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "எங்கள் பாட்டி கெட்டிக்காரப் பையனை எம்டன் என்பாரே, அது இதுதானா?" என்று கேட்டாள். இதுதான். அந்தக் கப்பல் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் தோற்றது. வினாவில் இந்தப் பகுதியைத்தான் அதிகம் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று: 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் நீதிக்கட்சியின் ஆற்காடு இராமசாமி முதலியார். இந்தியா விடுதலை பெறும் முன்பே அச்சபையின் 51 தொடக்க உறுப்பினர்களில் ஒன்றானது எப்படி என்ற கேள்விக்கு இதுவே நல்ல நுழைவாயில்.

கேள்வி (கல்லூரி மாணவர், கிண்டி): உலகக்கோப்பைக் கிரிக்கெட் வரலாறு பற்றியும் சொல்லுங்கள்.

என் துறை அன்று. விளையாட்டு வினாக்களைத் தயாரிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, ராயபுரம்): அடிக்கடி கேட்கப்படும் தவறான செய்திகள் எவை?

மூன்றை மட்டும் சொல்கிறேன். எகிப்தில் கிடைத்த பழைய கல்வெட்டான ரொசெட்டா கல்லில் மூன்று மொழிகள் இல்லை. இரண்டு மொழிகளும் மூன்று எழுத்துமுறைகளும் இருக்கின்றன. எகிப்திய மொழியே சித்திர எழுத்திலும் டெமோட்டிக் எழுத்திலும் இருமுறை வருகிறது, மூன்றாவது கிரேக்கம். முதன்முதலில் உலகைச் சுற்றிய பயணத்தை மகெல்லன் முடிக்கவில்லை. 1521இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் கொல்லப்பட்டார். 1522இல் விக்டோரியா என்ற கப்பலில் வேறு பதினேழு பேருடன் ஸ்பெயின் திரும்பியவர் எல்கானோ. "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்பதைப் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத் சொன்னதற்குச் சான்று இல்லை. அதைப் போன்ற கதையைச் சிந்தனையாளர் ரூசோ எழுதியபோது மரீ ஆஸ்திரியாவில் சிறுமியாக இருந்தார்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மூவர், வடபழனி): உலகின் முதல் பெண் தலைவர் யார்? மிகக் குறுகிய போர் எத்தனை நிமிடம்?

இரண்டுக்கும் மேலே விடை இருக்கிறது. "தலைவர்" என்று மட்டும் கேட்டால் விடையே இல்லை: பிரதமரா, அதிபரா, அரசியா? முதல் என்ற சொல்லைப் பார்த்தவுடன் இதைக் கேட்டுப் பழகுங்கள். நான் இதை இரண்டாம் முறை எழுதுகிறேன். மூன்றாம் முறை எழுதவைக்காதீர்கள்.

கேள்வி (தாம்பரத்துத் தந்தை, மீண்டும்): மகள் தங்கள் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறாள். இவற்றையெல்லாம் எங்கே படிக்கலாம் என்று கேட்கச் சொன்னாள்.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ ஒரு சனிக்கிழமை அழைத்துச் செல்லுங்கள் ஐயா. வரலாற்று அடுக்கில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கி, சென்னை வீழ்ந்த 1746 செப்டம்பர்ப் பக்கங்களை அவளே புரட்டட்டும். ஒவ்வொரு நாளின் தலைப்பிலும் இரண்டு தேதிகள் இருப்பதைக் காண்பாள்.