அம்மாவின் நீர்க்கடுப்பு: அடுத்த மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர் எடுங்கள்

வணக்கம் நண்பரே. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நீர்க்கடுப்பு வந்தால் ஊர் மெடிக்கலில் நாலு செபிக்சைம் (கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்) மாத்திரை வாங்கித் தருகிறோம், இந்த முறை கேட்கவில்லை, இதைவிடப் பவரான மாத்திரை எது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னொரு பெயரைத் தேடாதீர்கள்.

நாலு மாத்திரையில் எரிச்சல் அடங்கிவிடும். கிருமி முழுதாகச் சாகாது. மருந்தைத் தாக்குப்பிடித்ததுதான் மிஞ்சிப் பெருகும்.

நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை அவர்கள் தரும் டப்பாவில் பிடிக்க வேண்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். இதுவரை போட்ட மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். கிட்னிக்குப் பரவியிருக்கலாம்.

என் மாமியாரின் சுருக்குப்பையில் இப்படிக் கடையில் வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள் ஒன்பது இருந்தன. ஒன்றில்கூடப் பெயர் முழுதாக இல்லை. டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடும் கத்தரியோடு போயிருந்தது. செபிக்சைம் 2014 முதல் எச்1 அட்டவணையில், அதாவது கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் அரசுப் பட்டியலில், இருக்கிறது. கடைக்காரர் டாக்டர் சீட்டைப் பார்த்து, டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். சீட்டே கேட்காத அந்தக் கடைக்காரர் அம்மாவுக்கு நல்லது செய்யவில்லை.

ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.