மூன்றாவது போத்தல் வேண்டாம், தங்கச்சி

யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு தங்கச்சியின் கடிதம்: "வீட்டுத் தோட்டத்தில் அறுபது மிளகாய்க் கண்டு வைச்சனான். மாசி நடுவிலயிருந்து குருத்தெல்லாம் சுருண்டு குருமன் நோய் பிடிச்ச மாதிரி நிக்குது. கடைக்காரர் தந்த இமிடாகுளோபிரிட்டையும் பைரித்திரொயிட் எண்ட இன்னொரு வகைப் பூச்சி மருந்தையும் ஒண்டாக் கலந்து மூண்டு தரம் அடிச்சும் கூடுதே ஒழியக் குறையேல்லை. இப்ப வேறொண்டு தாறாராம். வாங்கட்டோ?"

வாங்காதேங்கோ. ஆனால் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: இலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது?

ஓரம் மேலே மடிந்து தோணி போலிருந்தால் பனிப்பூச்சி (இலைப்பேன்). கீழே மடிந்து கவிழ்த்த தோணி போலாகி, காம்பும் நீண்டிருந்தால் சிற்றுண்ணி. கன்றே கட்டையாகி இலையில் மஞ்சள் படர்ந்தால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்தில்லை, பிடுங்கி எரியுங்கள்.

மூன்று தரம் அடித்தும் கூடியதென்றால் என் சந்தேகம் சிற்றுண்ணி மேல்தான். அது பூச்சியே இல்லை, எட்டுக் காலுள்ள சிலந்திச் சாதி. நீங்கள் அடித்த இரண்டும் பெரும்பாலும் அதற்கு வேலை செய்யாது. அதைத் தின்னும் நல்ல உயிர்களைத்தான் கொல்லும். கன்றைக் கண்ணாலும் காணாமல் இரண்டு போத்தலைக் கலந்து அடி என்று சொல்லும் கடைக்காரரை என்னால் பொறுக்க முடிவதில்லை. அந்தக் காசுக்குப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைவில்லை (லென்ஸ்) ஒன்று வாங்குங்கள். குருத்திலை ஒன்றைக் கிள்ளி அடிப்பக்கத்தை வெயிலில் பாருங்கள். கண்ணாடி போல மங்கல் மஞ்சள் புள்ளிகள் நகரும். வெள்ளைப் பொட்டு வைத்த முட்டைகள் கிடக்கும். சிலவேளை ஆண் உண்ணி, பருவமடையாத பெண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு புதுக் குருத்துக்குப் போவதையும் காணலாம்.

சிற்றுண்ணிதான் என்றால், மோசமாய்ச் சுருண்ட குருத்துகளைக் கிள்ளி எரித்துவிட்டு, நனையும் கந்தகத் தூளைப் பையில் எழுதிய அளவில் கரைத்து வெயில் தணிந்த பின்னேரத்தில் அடியுங்கள். மருந்து விசிறியின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும், இலையின் அடி நனையாவிட்டால் வீண். முட்டை தப்பிவிடும், ஆகவே ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை. கந்தகம் அடித்து இரண்டு கிழமைக்குள் வேப்பெண்ணெய் வேண்டாம், இலை கருகும்.

பனிப்பூச்சி என்றால், போன வருசம் பொறுக்கிக் காயவைத்த வேப்பங்கொட்டை இருக்கிறதா? பருப்பில் 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் சேர்த்து அடியுங்கள்.

அந்தத் தண்ணீரைப் பற்றி நான் பல வருசமாய்ச் சொல்லி வருகிறேன், கேட்பவர்தான் குறைவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. தோயும்போது சவர்க்காரம் நுரைக்காமல் திரள்வதைத் தினமும் பார்க்கிறோம். விசிறித் தாங்கியிலும் அதுதான் நடக்கிறது. திரண்ட சவர்க்காரம் இலையில் ஒட்டாது, மருந்தும் வழிந்துவிடும். பீப்பாவில் மாரித் தண்ணீர் மிஞ்சியிருந்தால் கன்றுக்கு ஊற்றி முடிக்காமல் விசிறலுக்கு வையுங்கள்.

சுருண்ட பழைய இலை திரும்ப விரியாது. ஏழாம் நாள் வரும் புதுக் குருத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.