அப்பா வழியில் ஒட்டிய குளியலறை டைல் கழல்கிறது

அப்பா கற்றுத்தந்தபடி ஒட்டிக்கொடுத்த டைல், வாடிக்கையாளரின் குளியலறையில் கழல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிமெண்ட் பால்தான், அதாவது தண்ணீரில் கரைத்த வெறும் சிமெண்ட்தான், காரணம். அப்பாவின் கைவேலையில் குறை இல்லை. அவர் அந்தக் காலத்தில் ஒட்டியது, தண்ணீரில் ஊறவைத்த செராமிக் டைலை, கரடான சிமெண்ட் பூச்சின் மேல். நீங்கள் ஒட்டியிருப்பது போர்சலின், அதுவும் பழைய டைலின் பளபளப்பான முகத்தில். இரண்டுமே நீரை உறிஞ்சாது. சிமெண்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்?

கழன்ற டைலின் முதுகைப் பாருங்கள். சிமெண்ட் ஒட்டாமல் சுத்தமாக இருந்தால் காரணம் இதேதான். பிறகு அதில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் போர்சலின்.

மற்ற டைல்களை நாணயத்தால் தட்டி, பொள்ளல் சத்தம் வருவதையெல்லாம் எடுங்கள். அடியிலுள்ள பழைய டைலும் பொள்ளலா என்று தட்டுங்கள். சோப்புப் படலம் போகக் கழுவி, பழைய டைலின் முகத்தைச் சுரண்டிக் கரடாக்கி, பாலிமர் கலந்த சி2 ரக (C2, கூடுதல் பிடிப்புள்ள) டைல் பசையைப் பல் கரண்டியால் (விளிம்பில் பற்கள் வெட்டிய கரண்டி) சுவரிலும், மெல்லியதாக டைல் முதுகிலும் தடவுங்கள். முதல் டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள். மூலைகளில் பசை படியாவிட்டால் பல் அளவு போதவில்லை.

வாடிக்கையாளர் வீடு பிடிஓ (BTO, சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக தேவைக்கேற்பக் கட்டி விற்கும் புது வீடு), இரண்டு வயது என்கிறீர்கள். எரிச்சலில் அடி டைலை உடைத்துவிடாதீர்கள்: கட்டடம் முடிந்து 3 ஆண்டுகள் வரை குளியலறை டைலைப் பெயர்க்க வீவக அனுமதிப்பதில்லை. உங்கள் நிறுவனம் அதன் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்பாவின் அனுபவம் அங்கே செல்லாது.