பவர் ஸ்டேஷனை வீட்டு பிளக்கில் சார்ஜ் போடலாமா? கேள்வி பதில்

சேலத்துல 20 வருஷத்துக்கு மேல வீட்டு வயரிங் பண்றேன். பவர் ஸ்டேஷன், அதாவது கரண்ட் போனா ஃபேன், மிக்சி ஓட்டுற பேட்டரி பெட்டி, வாங்கினவங்க எல்லாரும் பெட்டியைப் பத்தியே கேக்குறீங்க. எனக்குப் பயம் சுவத்துல இருக்கிற பிளக் பாயின்ட் மேலதான்.

அம்மாபேட்டை: 1,000 வாட்-ஹவர் பெட்டி அண்ணா. சாதாரண பிளக்ல போடலாமா?

பெட்டியோட கொள்ளளவை விடுங்க, சார்ஜ் ஏறும்போது எத்தனை வாட் இழுக்குதுன்னு பின்னாடி லேபிள்ல பாருங்க. 300 வாட்னா 1.3 ஆம்பியர்தான், எந்த பிளக்கும் தாங்கும். இப்ப வர்ற வேக சார்ஜ் பெட்டி 1,200 வாட் இழுக்கும். 230 வோல்ட்ல 5.2 ஆம்பியர், அதுவும் ஒரு மணி நேரம் விடாம. மிக்சி 750 வாட்னாலும் அஞ்சு நிமிஷத்துல நின்னுடும், பிளக் ஆறிடும். இதுக்கு ஆற நேரமே கிடையாது. மெயின் போர்டுல இருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தனியா வர்ற 16 ஆம்பியர் பவர் பிளக்ல போடுங்க. அது இல்லன்னா ஆப்ல சார்ஜ் வேகத்தை 400 வாட்டுக்குக் குறைச்சு ராத்திரி போடுங்க.

சூரமங்கலம்: கரண்ட் பில் எகிறுமா?

இல்லைங்க. காலியிலிருந்து ஒரு தடவை நிரப்ப ஏறக்குறைய 1.2 யூனிட்.

ஓமலூர்: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல?

வேண்டாம். உள்ளே இருக்கிற வயர் நூல் மாதிரி இருக்கும்.

கிச்சிப்பாளையம்: மச்சான் அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்தாரு. பின்னை மாத்திப் போட்டா போதுமா?

லேபிள்ல 100-240 வோல்ட்னு இருந்தா போதும். 120 மட்டும்தான்னா நம்ம பிளக்ல சொருகாதீங்க, சார்ஜர் அப்பவே போயிடும். இன்னொன்னு, அதுல இருந்து வெளிய வர்றதும் 120 வோல்ட்தான். நம்ம ஃபேன், மிக்சிக்கு ஆகாது.

ஏற்காடு, காபித் தோட்டம்: சாயங்காலம் 170 வோல்ட்தான் வருது. பிளக் சுடுது. ஸ்டெபிலைசர் வாங்கவா?

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. இந்தப் பெட்டிகளுக்கு வாட் மாறாது. வோல்ட் இறங்கினா அந்த வாட்டை எடுக்க ஆம்பியரைக் கூட்டிக்கும். 1,200-ஐ 170ஆல வகுத்துப் பாருங்க, 7 ஆம்பியர். ஆம்பியர் ஏறினா சூடு அதோட வர்க்கத்துல ஏறும். 5.2-லிருந்து 7-க்குப் போனா 1.8 மடங்கு. ஸ்டெபிலைசர் பெட்டிக்கு 230 குடுக்கும், ஆனா சுவத்துல இருந்து அதே 7 ஆம்பியரை, கொஞ்சம் கூடவே, இழுக்கும். பிளக் சூடு குறையாது. வேகத்தைக் குறைங்க, இல்லன்னா வோல்டேஜ் ஏறுற நடு ராத்திரிக்கு மேல போடுங்க. சித்திரை, வைகாசி இடி மழையில பிளக்கையே உருவிடுங்க.

ஆத்தூர், எலக்ட்ரீஷியன்: ஏன் சார் பயமுறுத்துறீங்க? ஆம்பியர் கூடினா தானா விழுற மெயின் போர்டு சுவிட்ச், எம்சிபி, எதுக்கு இருக்கு? 6 ஆம்பியர் தாண்டினா விழுந்துடுமே.

விழாதுங்க. 1.13 மடங்கு வரை விழக்கூடாது, 1.45 மடங்குல ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும், இதுதான் அதுக்கு விதி. 6 ஆம்பியர் எம்சிபி 6.8 வரை சும்மா இருக்கும், 8.7லதான் கட்டாயம் விழும். ஏழு ஆம்பியர் நடுவுல உக்காந்திருக்கு. அதுவும் நம்ம வீடுகள்ல பிளக் லைனுக்கு 10, 16னு போட்டு வெச்சிருக்காங்க. எம்சிபி காக்குறது வயரை. சாக்கெட்டுக்குள்ள தளர்ந்துபோன பித்தளையை அது பாக்காது. மலையில ஒரு வீட்டுல மீன் நாத்தம் அடிக்குதுன்னு கூப்பிட்டாங்க. சமையக்கட்டுல மீனே இல்ல, சாக்கெட் பிளாஸ்டிக் கருகின நாத்தம் அது. சாக்கெட் ஓட்டையைச் சுத்தி தோசை ஓரம் மாதிரி பழுப்பேறியிருந்துச்சு. எம்சிபி விழவே இல்ல.

தாரமங்கலம்: ஜங்ஷன் பாக்ஸ் வெச்சு போடலாமா?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

செவ்வாய்பேட்டை: ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச வயரால பெட்டியை வீட்டு சாக்கெட்ல சொருகினா வீடு முழுக்க எரியுமாமே?

தயவு செஞ்சு செய்யாதீங்க. மெயினை அணைக்க மறந்தா கரண்ட் தெரு லைனுக்கு ஏறும். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பி கம்பத்துல ஏறியிருக்கிற லைன்மேனை அது கொல்லும். கரண்ட் திரும்பி வந்தா பெட்டியும் போச்சு. கையில இருக்கிற பிளக்கோட பின்லயே கரண்ட் நிக்கும்.

மேட்டூர்: சோலார் பேனல் எத்தனை வாட் வாங்கணும்?

நம்ம வேலை வயரிங்குங்க. சோலார் போடுறவங்களைக் கேளுங்க.

எடப்பாடி: எக்ஸ்டென்ஷன்ல...

மூணாவது தடவை. வேண்டாம், வேண்டாம்.

ஆத்தூர், எலக்ட்ரீஷியன்: கிளாம்ப் மீட்டர் வெச்சுப் பாத்தேன் சார். 185 வோல்ட், 6.5 ஆம்பியர். ஆனா சாக்கெட் பின்னாடி ஸ்குரு லூஸ். சூட்டுக்குக் காரணம் அதுதான், ஆம்பியர் இல்ல.

ரெண்டும்தான். லூஸ் இருக்கிற இடத்துல ஆம்பியர் ஏற ஏற சூடு, சூட்டுல பித்தளை இன்னும் தளரும். கருத்த வயர் நுனியை வெட்டிட்டு புதுச் செம்புல இறுக்குங்க. சாக்கெட்டையும் 16க்கு மாத்துங்க, வயர் 2.5 இருந்தா மட்டும். முடிச்சதும் அரை மணி நேரம் சார்ஜ் ஓட விட்டு, பிளக் மேல பொறங்கையை வெச்சுப் பாத்துட்டு எழுதுங்க.